முதுகில் மூன்று எழுத்து

ஜூடோ சட்டையின் முதுகில் ஒரு துணிப்பட்டை தைத்திருப்பார்கள். அதில் ஆடுபவரின் பெயர் இருக்கும். கூடவே அவருடைய நாட்டைச் சொல்லும் மூன்று எழுத்து. பெரும்பாலானவர்களுக்கு அந்த எழுத்துகள் பிறந்த மண்ணோடு சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. கொசோவோவின் மைலிண்டா கெல்மெண்டிக்கு அப்படிக் கிடைக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 21 வயதில், அவர் விரிப்பின் மேல் ஏறியபோது முதுகில் இருந்தவை அல்பேனியாவின் எழுத்துகள்.

கொசோவோ 2008 பிப்ரவரி 17-ல் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. ஆனால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை அப்போது ஏற்கவில்லை. எந்த நாட்டையும் சேராத தனி வீராங்கனையாக ஆடவாவது விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. அல்பேனியக் குடியுரிமையும் இருந்ததால் அந்த நாட்டின் பெயரில் போனார். பதக்கமில்லாமல் திரும்பினார். ஆடும் திறமை சொந்தம், கொடி இரவல் என்ற நிலையில் ஒரு பெண் அந்த அரங்கில் நின்றதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அவருடைய ஊர் பெயா. கொசோவோவின் மேற்கே, ருகோவா மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் நகரம். 1998-99 போரில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. போர் முடிந்தபோது மைலிண்டாவுக்கு எட்டு வயது. அந்த ஆண்டில்தான் அவர் ஜூடோ பழகத் தொடங்கினார். கூரை போன வீடுகளுக்கு நடுவே குழந்தைகளைச் சேர்த்து, விழுவது எப்படி என்பதிலிருந்து ஜூடோ சொல்லிக்கொடுத்தவர் டிரிட்டன் கூக்கா. ஜூடோவில் முதல் பாடமே அதுதான்: அடிபடாமல் விழக் கற்றுக்கொள், பிறகு எதிராளியை வீழ்த்தலாம்.

கூக்காவுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. யூகோஸ்லாவியாவின் முன்னணி ஜூடோ வீரர்களில் ஒருவர் அவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போயிருக்க வேண்டியவர். நாடு சிதறிக்கொண்டிருந்த அந்தக் கொந்தளிப்பில் அவருடைய வாய்ப்பும் சிதறிப்போனது. பெண்கள் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் முறையான பதக்கப் போட்டியானது அதே பார்சிலோனாவில்தான். அதற்கு முன் 1988 சியோலில் அது வெறும் காட்சிப் போட்டி. குருவுக்கு அடைபட்ட அந்த ஆண்டில்தான், அப்போது ஒரு வயதுக் குழந்தையாக இருந்த சிஷ்யைக்குக் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியே அவர் உள்ளே போனது படிப்படியாகத்தான். சர்வதேச ஜூடோ சம்மேளனம் ஒலிம்பிக் கமிட்டிக்கு முன்பே கொசோவோவை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதனால் 2013-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியில் கொசோவோ வீராங்கனையாகவே இறங்கினார். 52 கிலோ பிரிவு இறுதியில் பிரேசிலின் எரிகா மிராண்டாவை, அவருடைய சொந்த ரசிகர்கள் முன்னாலேயே வீழ்த்தித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு உலகப் போட்டி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில். கொசோவோவை ரஷ்யா நாடாக ஏற்பதில்லை. உலக சாம்பியன் தன் நாட்டின் பெயரில் ஆட முடியாமல், ஜூடோ சம்மேளனத்தின் கொடியின் கீழ் ஆடினார். அங்கேயும் தங்கம்தான். ஆனால் மேடையில் ஏறியது அவர் நாட்டுக் கொடி அல்ல.

2014 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி கொசோவோவை முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 2016-ல் மறுபடியும் ரியோ. தொடக்க விழாவில் எட்டுப் பேர் கொண்ட சின்ன அணிக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர் மைலிண்டா. ஆகஸ்ட் 7 அன்று இறுதிப் போட்டியில் இத்தாலியின் ஒடெட்டே ஜுஃப்ரிடாவை வென்றார். கொசோவோ என்ற நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். அந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு வரிகள் கிடையாது. பல இனத்தவர் வாழும் மண்ணில் எந்த ஒரு மொழியும் முந்திக்கொள்ளக் கூடாது என்று இசையை மட்டும் வைத்தார்கள். அந்த வார்த்தையில்லாத இசை ஒலிம்பிக் அரங்கில் முதன்முதலாக ஒலித்தபோது மேடையின் உச்சியில் நின்றவர் அழுதார். ஊர் திரும்பியபோது மக்கள் வெள்ளமாகத் தெருவில் திரண்டார்கள். அன்று அவர் வென்றது வெறும் போட்டி அல்ல. நாங்களும் ஒரு நாடு என்று அத்தனை பேரும் சொல்ல நினைத்ததை அவர் முதுகு சுமந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

அந்தச் சுமை மெல்ல மெல்ல மற்றவர்களின் தோளுக்கும் பரவியதுதான் அடுத்த கதை. கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் மூன்று நாள்களைப் பாருங்கள். ஜூலை 24: 48 கிலோ பிரிவில் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி தங்கம் வென்றார். ஜூலை 25: 52 கிலோவில் மைலிண்டா தன் முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரியின் ரேகா புப்பிடம் தோற்று வெளியேறினார். ஜூலை 26: 57 கிலோவில் நோரா ஜாகோவா தங்கம் வென்றார். ஐந்து ஆண்டுக்கு முன் ஒரே ஒருவர் தோற்றிருந்தால் நாடே வெறுங்கையோடு திரும்பியிருக்கும். டோக்கியோவில் அவர் தோற்றார், நாடு தோற்கவில்லை. முழங்கால் காயமும் அறுவை சிகிச்சையும் பார்த்த உடம்போடு, நான்கு முறை ஐரோப்பிய சாம்பியனான அவர் அதோடு விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆனார்.

இன்று கொசோவோவிடம் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள் இருக்கின்றன. ஐந்தும் ஜூடோவில் வந்தவை. ஐந்தையும் வென்றவர்கள் பெண்கள். 16 லட்சம் பேர் அளவே உள்ள ஒரு நாட்டில், பெண் குழந்தையை மல்லுக்கட்டும் விளையாட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் வேறு வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணமும் எளிதாகியிருக்கிறது. முன்பு ஐரோப்பாவில் எந்தப் போட்டிக்குப் போவதென்றாலும் விசாவுக்கு அலைய வேண்டியிருந்தவர்களுக்கு, 2024 ஜனவரி 1 முதல் ஷெங்கன் நாடுகளில் விசா தேவையில்லை.

எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தியா இன்னும் கொசோவோவை நாடாக ஏற்கவில்லை. 2018-ல் டெல்லியில் நடந்த பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டிக்கு வந்திருக்க வேண்டிய கொசோவோ வீராங்கனைக்கு விசா கிடைக்கவில்லை. அரசுகளுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் கையுறை மாட்டிப் பழகிய ஒரு பெண் வாசலிலேயே நிறுத்தப்பட்டது நம் ஊரில் என்பதை நாம் மறக்கக் கூடாது. செல்யாபின்ஸ்கில் மைலிண்டாவுக்கு நேர்ந்ததைவிட இது கொடுமை. அங்கே கொடியைத்தான் மறுத்தார்கள். விரிப்பில் ஏற விட்டார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவில் கொசோவோவுக்காக இறங்கியவர் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி. ஒலிம்பிக் ஜூடோவில் ஓர் எடைப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் ஆடலாம். மைலிண்டா ஓய்வு பெற்று விட்டுச்சென்ற இடம் அது. டிஸ்ட்ரியா இறுதிவரை போனார். உஸ்பெகிஸ்தானின் டியோரா கெல்டியோரோவாவிடம் தோற்று வெள்ளி வாங்கினார். இரண்டு நாள் கழித்து 63 கிலோவில் லாரா ஃபஸ்லியு வெண்கலம் வென்றார்.

டிஸ்ட்ரியாவின் தோல்வியில்தான் மாற்றம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. 2012-ல் ஒரு கொசோவோ பெண்ணைப் பற்றி எழுதினால் முதுகில் ஏன் வேறு நாட்டின் எழுத்து என்று விளக்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. 2016-ல் தங்கத்தைப் பற்றி எழுதினாலும் நாடு பிறந்த கதையைச் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. 2024-ல் டிஸ்ட்ரியாவின் முதுகில் கொசோவோவின் எழுத்துகள் இருந்தன. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. எந்தப் பிடியில் சறுக்கினார், எதிராளி எப்படி முந்தினார் என்று ஆட்டத்தை மட்டும் பேசினால் போதும். வெறும் வீராங்கனையாக ஜெயிக்கவும் வெறும் வீராங்கனையாகத் தோற்கவும் அவருக்கு முடிந்தது. மைலிண்டா கெல்மெண்டி தனக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் தேடித் தந்தது அதைத்தான்.