தழும்பை மட்டும் வட்டமிடு

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகத் தோல் தரம் பார்க்கிறேன். மேசையில் தோலை விரித்து உள்ளங்கையால் தடவினால் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு, நரம்போடிய இடம் எல்லாம் தட்டுப்படும். அவற்றை மட்டும் சில்வர் பேனாவால் வட்டமிடுவேன். முதுகுப் பக்கம் கெட்டியானது. ஷூவின் முன்பகுதிக்குப் போகும். வயிற்றுப் பக்கம் இழுபடும். கண்ணில் படாத துண்டுகளுக்கு ஆகும். ஒரு தழும்புக்காக முழுத் தோலையும் கழித்துப் போட்டால் எனக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

முப்பத்தாறு வயதுவரை என்னை நான் அப்படித்தான் கழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் 38 சைஸ் துண்டுகளின் கட்டில் 39 சைஸ் சீட்டைச் செருகிவிட்டேன். தையல் லைன் நின்றுபோனது. "இன்னாடி, கண்ண எங்க வச்சிக்கினு இருந்த?" என்று சூப்பர்வைசர் அக்கா ஒரு தடவைதான் கேட்டார். அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது எனக்குள்ளிருந்து ஒரு குரல் நூறு தடவை சொன்னது: "நீ எதுக்கும் லாயக்கில்ல." மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டை மறந்த நாளிலிருந்து கூடவே வரும் குரல் அது.

பிறகு என் பையனை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை என்று சொன்ன மருத்துவர், "நீங்க படிக்கிறப்ப எப்படிம்மா?" என்று என்னைக் கேட்டார். இது பெரும்பாலும் மரபுவழி வருவது. பெரியவர்களிடம் இதைக் கண்டறியும்போது, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள். அம்மாவை அழைத்துப் போனேன். "பருப்பு வாங்கியாரச் சொன்னா காச குடுத்துட்டு வெறும் பையோட வந்து நிக்கும் டாக்டர்" என்றார் அம்மா. எனக்கும் அதே நிலைதான் என்று தெரிந்தது.

உலகில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் சொன்னார். மருத்துவமே அப்படித் தொடங்கியிருக்க, பள்ளிக்கூடமும் வீடும் "திமிரு", "சோம்பேறி" என்றதில் ஆச்சரியமில்லை. கவனத்தைத் தேவையான இடத்தில் வைப்பதும் திருப்புவதும் மூளையின் வேலை என்று இன்று தெரியும். எங்களுக்கு அது சீராக நடப்பதில்லை. தோலைத் தடவ ஆரம்பித்தால் மதிய மணி அடிப்பதுகூட என் காதில் விழாது. அதே நான் சீட்டு எழுத மறப்பேன்.

மருந்தோடு ஒரு நோட்டும் போடச் சொன்னார்கள். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சையின் வழி அது: மனதில் ஓடும் தீர்ப்பை எழுது, அதற்குச் சாட்சி இருக்கிறதா என்று பார், உண்மையான வாக்கியத்தைப் பக்கத்தில் எழுது. மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பெரியவர்களிடம் இந்தவகைச் சிகிச்சையைச் சோதித்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது, பலன் தெரிந்தது.

என் நோட்டில் ஒரு பக்கம். நடந்தது: கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். குரல் சொன்னது: நான் சோம்பேறி. சாட்சி: ஐந்து மணிக்கே எழுந்தேன், மூன்று பேருக்குச் சமைத்தேன். உண்மை: பத்து நிமிடம் என்று நான் நினைக்கிற வேலை அரை மணி நேரம் இழுக்கிறது. செய்யப்போவது: சாப்பாட்டுப் பை, அடையாள அட்டை, செருப்பு மூன்றும் ராத்திரியே கதவோரம்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். "நான் நல்லவள், திறமைசாலி" என்று எழுதிப் பார்த்தேன், மனம் நம்பவில்லை. "சோம்பேறி" என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. "நேரக் கணக்கு தவறுகிறது" என்றால் செய்ய வழியிருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இது இடம்கொடுக்காது. சைஸ் சீட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒரு கட்டு முடிந்து சீட்டைச் செருகியபின், எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன்.

குரல் முழுதாக ஓயவில்லை. சில வாரம் அது எழுந்திருக்கவே விடாது. அப்போது நோட்டு போதாது, ஆள் வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் ஏறினாலே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தவள் நான். அந்தப் பயத்தில் வருடங்கள்தான் போயின. அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

போன வாரம் பையன் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்தான். "உனக்கு எங்கடா" என்று தொடங்கிய வாயை நிறுத்தினேன். அவனை உட்காரவைத்து, "எந்த இடத்துல கண்ணு மறந்த?" என்று கேட்டேன். யோசித்தான். "தண்ணி குடிக்கிற குழாயாண்டமா." அங்கே கை கழுவ பாக்ஸைக் கீழே வைக்கிறானாம். பாக்ஸை மாட்டிக்கொள்ள ஒரு தோல் வார் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். வயிற்றுப் பக்கத்துத் தோல்தான், அவனுக்குப் போதும்.