மூன்று வயதுப் பிள்ளையின் கோடை

பங்குனி கழிந்து, பரீட்சைகள் முடிந்து, பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்தியதும், நகரங்களிலிருந்து ஊர்ப்புறம் போகிற ரயில்களிலும் பஸ்களிலும் பிள்ளைகளின் கூட்டம் பெருகிவிடுகிறது. அப்பத்தா வீடு, அம்மாச்சி வீடு, மாமன் வீடு என்று உறவு எங்கே இருக்கிறதோ அங்கே மூட்டை முடிச்சுகளோடு போய் இறங்கி, மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் பிறந்து 28ஆம் தேதி வாக்கில் விடைபெறும் அக்னி நட்சத்திரத்தையும் பொருட்படுத்தாமல் ஆடித் திரிந்து, மேனி கறுத்துத் திரும்புவது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வெகுகாலமாக ஏற்பட்டிருக்கும் வழக்கம். இந்தக் கூட்டத்தில் பத்து வயதுப் பிள்ளையும் உண்டு. தாயின் இடுப்பை விட்டு இறங்க மறுக்கும் மூன்று வயதுப் பிள்ளையும் உண்டு. மூத்தது அந்தக் கோடையை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும். இளையதோ, வளர்ந்து ஆளான பிறகு, அதில் ஒரு சம்பவத்தையாவது சொல்லுமா என்பது சந்தேகமே. அவ்வாறாயின், சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகக் கோடைதோறும் நாம் எடுத்துக்கொள்ளும் பிரயாசை யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றுவது நியாயந்தான்.

பெரியவர்கள் தங்கள் முதல் ஞாபகம் எதுவென்று யோசித்துப் பார்த்தால், அது பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை. இந்த மறதியைப் பற்றி 1905ஆம் ஆண்டிலேயே ஸிக்மண்ட் பிராய்டு விரிவாக எழுதினார். பால்யத்தின் ஆசைகளை மனம் பின்னாளில் உள்ளே அமுக்கி வைத்துவிடுவதே இதற்குக் காரணம் என்பது அவர் கொண்ட கருத்து. பிற்காலத்து ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. சம்பவங்களை ஞாபகமாக உருவாக்கித் தருகிற ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி, குழந்தைப் பிராயத்தில் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டி முடியாத வீட்டில் குடியிருப்பவர்கள் வைத்த பண்டத்தை வைத்த இடத்தில் காணாமல் தேடுவதுபோல, அந்தப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பெருகப் பெருகப் பழைய பதிவுகள் இடம் தெரியாமல் போகின்றன என்று 2014இல் டொரண்டோ நகரத்து ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவாக அறிவித்தார்கள்.

ஆனால் இதிலிருந்து சிறு குழந்தைக்கு ஞாபகசக்தியே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. சென்ற மாதம் ஆட்டுக்குட்டி தன்னை முட்டியதை இரண்டு வயதுக் குழந்தை சொல்லிக் காட்டுவதை நாம் வீடுதோறும் காண்கிறோம். அமெரிக்காவில் பட்ரிஷியா பாயர் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாவும், மூன்று வயதில் பிள்ளைகள் தாயாரோடு பேசிய சம்பவங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். ஐந்து முதல் ஏழு வயதுவரை இருந்தவர்கள் அவற்றில் பாதிக்கு மேல் நினைவு கூர்ந்தார்கள். எட்டு, ஒன்பது வயதை எட்டியவர்களிடமோ பாதிகூடத் தேறவில்லை. ஆகவே, மூன்று வயதுக் கோடை அப்போதே அழிந்துவிடுவதில்லை. இன்னும் சில வருஷங்கள் குழந்தையிடம் இருந்து, பேச்சில் எடுத்து ஆளப்படாத காரணத்தாலும், மெல்ல மெல்ல நழுவுகிறது.

எடுத்து ஆளுவது என்றால் என்ன என்பதற்கு நியூஸிலாந்து நல்ல திருஷ்டாந்தம் தருகிறது. அந்நாட்டு ஒடாகோ பல்கலைக்கழகத்து அறிஞர்கள் பலதரப்பட்ட ஜனங்களிடம் அவரவருடைய முதல் ஞாபகத்தைக் கேட்டபோது, மாவோரி மக்களின் ஞாபகம் மற்றவர்களுடையதைவிட முந்தி, சராசரியாக மூன்று வயது நிறைவதற்கும் முன்பே தொடங்குவதைக் கண்டார்கள். பிறந்த கதை, குலத்தின் கதை, நேற்று நடந்தது, சென்ற ஆண்டு நடந்தது என்று கடந்துபோனவற்றைக் குழந்தைகளோடு சிரத்தையாகப் பேசுவது அவர்கள் சமூகத்தின் வழக்கம். கேதரின் நெல்சன், ராபின் பிவுஷ் முதலிய ஆய்வாளர்களும், குழந்தை தன் சரித்திரத்தைச் சொல்லக் கற்பது பெரியவர்களோடு பேசும் பேச்சினால்தான் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். எல்லாப் பேச்சும் இதற்கு உதவாது. “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டு, குழந்தை தலையாட்டியதும் விட்டுவிடுகிற தாயைக் காட்டிலும், என்ன, எங்கே, யார், பிறகு என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குழந்தை சொன்னதோடு தானும் சிறிது சேர்த்துக் கொடுக்கிற தாயின் பிள்ளையே பின்னாளில் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

இந்தத் தத்துவத்தை மனத்தில் கொண்டு நம் வீட்டுக் கோடையைப் பார்த்தால், ஞாபகத்துக்கு இவ்வளவு அனுகூலமான பருவம் வேறில்லை என்று தோன்றும். கூழ்வற்றல் போடுகிற ஒரு நாளையே எடுத்துக்கொள்ளலாம். விடிவதற்கு முன்பே அரிசிமாவைப் பெரிய பாத்திரத்தில் கிளறி, சீரகமும் பச்சைமிளகாயும் உப்பும் கூட்டி, வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, அச்சில் இட்டுப் பிழியும்போது, இளம்பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் சூடான கூழ் கிடைக்கிறது. காக்கை விரட்டும் உத்தியோகமும் கிடைக்கிறது. மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து வற்றலை உரிக்கையில், பாதி காய்ந்ததைத் திருடித் தின்னும் உரிமையும் அவர்களுடையதே. தொடக்கம், நடு, முடிவு என்று ஒழுங்காக அமைந்து, மணமும் ருசியும் கூடி, குழந்தைக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கப்பட்ட நாள் அது. அன்றிரவு மாடியில் பாய் விரித்துப் படுக்கும்போது தாய் கேட்கிறாள்:

“அப்பத்தா மாடியில என்ன புழிஞ்சாங்க, தங்கம்?”

“வத்தல்.”

“நீ என்ன வேலை பாத்த?”

“காக்கா வெரட்டுனேன்.”

“போயிருச்சா காக்கா?”

“போகல. அண்ணன் கல்லு எடுத்தான். அப்பத்தா வஞ்சுச்சு.”

“ஆமா, ஏன் வஞ்சாங்க? கல்லு வத்தல்ல விழுந்துரும்ல?”

ஆய்வாளர்கள் புஸ்தகங்களில் விவரிக்கிற முறை இதுவேயன்றி வேறில்லை.

வாசனைக்கும் இதில் விசேஷமான பங்குண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் போக, வாசனையோ அந்தச் சுற்றுவழியின்றி உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளை எட்டிவிடுகிறது. வாசனையால் கிளர்ந்தெழும் ஞாபகங்கள் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவையாக இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காய்ந்த தளத்தில் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கும்போது கிளம்பும் ஆவி, பானைத் தண்ணீரில் ஊறிய வெட்டிவேர், மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் வடியும் பால் ஆகிய இவையெல்லாம் செலவின்றிக் குழந்தைக்குள் போய்ச் சேருகின்றன.

நுங்கு தின்ற பிறகு, கண் தோண்டிய பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு கொடுத்துத் தள்ளும் வண்டியை, அண்ணன்மார் செய்வதைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்கிறது. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டே போய், நான்கு சேர்ந்ததும் “பசு” என்று கூவி அள்ளிக்கொள்ளும்போது, எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் நான்கு என்பது கைக்குள் அடங்கிவிடுகிறது. மதுரைப் பக்கத்தில், சித்திரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவதைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்த பிள்ளை, அழகரைக் கண்டதை மறந்தாலும், தோல்பையிலிருந்து தன்மேல் பீய்ச்சியடித்த தண்ணீரை வெகுநாள் சொல்லும்.

இவ்வளவு செய்தும் மறந்துபோவது மறந்துதான் போகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. சம்பவ ஞாபகம் ஒருவகை. பழக்கமாகவும் பற்றாகவும் உடம்பில் ஊறுவது வேறுவகை. பின்னது குழந்தைக்கு வெகு சீக்கிரத்திலேயே வாய்த்துவிடுகிறது. அம்மாச்சியின் மடியில் எத்தனை மத்தியானங்கள் தூங்கினோம் என்று ஒருவனுக்குத் தெரியாமற்போகலாம். அவள் பேச்சும், அவள் கைப்பக்குவத்தில் பழகிய நாக்கும், உறவுக்காரர் வீட்டில் கூச்சமின்றி உட்காரும் சுபாவமும் அவனிடம் தங்கிவிடுகின்றன.

இந்நாளில் கோடை முழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துவிடுகிறோம். படம் நல்ல துணையே. ஆனால் எடுத்ததோடு நின்றால், பின்னாளில் பிள்ளையிடம் மிஞ்சுவது படத்தின் ஞாபகம் மட்டுமே. அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் விழாத சித்தப்பா எங்கே நின்றார், யார் எதற்காகச் சிரித்தார்கள், அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த என்ன கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். தாத்தா ஒருவிதமாகவும் அப்பத்தா வேறுவிதமாகவும் சொன்னால், இருவரையும் திருத்த முற்படும் குழந்தையை அதட்டாமல் பேச விட வேண்டும். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும் பெற்றோர், போய் வந்தபின் யாரோடு உட்கார்ந்து அதைப் பேசப் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கோடையில் ஒரு குறைவும் இராது.