முதலில் செடி, அப்புறம் மீன்!

"வாய்க்கால் நிறைய மீன் ஓடுது. இதுக்குப் போய்க் காசு கொடுத்துக் கண்ணாடித் தொட்டியா?" என்று கேட்டார் என் மாமியார். அவர் கேட்டதில் தப்பில்லை. கொள்ளிடக் கரையை ஒட்டியது எங்கள் குமராட்சிப் பக்கம். இங்கே மீன் என்றால் குழம்புதான் ஞாபகம் வரும்.

ஆனால் மூன்றாவது படிக்கும் என் சின்னப் பையன், சிதம்பரத்தில் உறவுக்காரர் வீட்டில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். போன வருஷம் அவன் பிறந்த நாளன்று தொட்டி, மணல், எட்டு மீன்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கி வந்தோம். "தண்ணி ஊத்தி விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தோம்.

நாலாம் நாள் காலை மூன்று மீன்கள் மிதந்தன. வாரம் முடிவதற்குள் எட்டும் போய்விட்டன. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த பிள்ளை, "நாமதானேம்மா கொன்னுட்டோம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த என் நாத்தனார் மகளிடம் சொல்லி அழாத குறைதான். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, உறை ஊத்தாம பால் தயிராகுமா?"

அவள் விளக்கியது இதுதான். மீனின் கழிவும், தின்னாமல் கிடக்கும் தீனியும் தண்ணீரில் அம்மோனியா என்ற விஷத்தை உண்டாக்கும். இதைச் சிலவகை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். பிறகு வேறு பாக்டீரியாக்கள் அதை, அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் எட்டு மீன்களை விட்டதுதான் நாங்கள் செய்த தப்பு.

செடியும் மீனும் ஒன்றுக்கொன்று துணை என்பது பழைய கண்டுபிடிப்பு. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் சேர்த்து வளர்த்துக் காட்டினார். அழுகும் இலைகள் தண்ணீரைக் கெடுத்தபோது, அவற்றைத் தின்ன நத்தைகளையும் விட்டாராம்.

இரண்டாம் முறை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், சகோதரிகளே.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ரொப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ! அதனால் ஆடாத, கெட்டியான மேஜை வேண்டும். அடியில் தெர்மோகோல் அட்டை போட்டால் கண்ணாடி விரிசல் விடாது. நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி படிந்து பச்சைப் பசேல் என்றாகிவிடும்.

ஆற்று மணலை அரிசி களைவது போல, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். பின்பக்கம் மூன்று அங்குலம், முன்பக்கம் ஒன்றரை அங்குலமாகச் சரிவாகப் பரப்பினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும்.

செடிக்கு ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் போதும். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்துப் பரிசோதனை செய்தோமே, அதே ஹைட்ரில்லாதான். வாய்க்காலில் எடுத்தால் நத்தை முட்டையும் அட்டையும் கூடவே வரும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளம் ரோஸ் நிறம் வருமளவு கரைத்து, பத்து நிமிஷம் அதில் வைத்து, நன்றாக அலசி நட்டேன். விளக்கு தினம் எட்டு மணி நேரம்.

இனிமேல்தான் பொறுமை. உறவுக்காரர் வீட்டு நல்ல தொட்டியிலிருந்து வடிகட்டி ஸ்பாஞ்சு ஒரு துண்டு வாங்கி வந்து எங்கள் வடிகட்டியில் வைத்தேன். அதுதான் உறைமோர்! மீனே இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். "இல்லாத மீனுக்குச் சாப்பாடா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தாம் வாரம், கடையில் கிடைக்கும் சோதனை மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டின. அப்புறம்தான் மீன்.

எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் கடினமானது. கப்பி, பிளாட்டி, மோலி ஆகிய மீன்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். மூன்றும் சாது. முதலில் ஒரு ஆண், இரண்டு பெண் கப்பி. இரண்டு வாரம் கழித்து மூன்று பிளாட்டி. இந்த அளவுத் தொட்டிக்குப் பத்துச் சின்ன மீன்களே தாராளம். சண்டைமீனை இவற்றோடு சேர்க்காதீர்கள், கப்பியின் வாலைக் கடித்துக் குதறிவிடும். தங்கமீன் செடியைப் பிடுங்கும், கழிவும் அதிகம்.

இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் தீனி. குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை கால்பாகம் தண்ணீரை மாற்றவேண்டும். எடுத்த தண்ணீரை என் மல்லிகைக்கு ஊற்றுகிறேன், பூ கொட்டுகிறது! ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் நல்ல பாக்டீரியா செத்துவிடும். எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். தொட்டியில் கை விடுமுன் மின்சார ஸ்விட்சை அணைக்க மறக்கவேண்டாம்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, "அம்மா, ஓடி வா!" என்று பையன் கத்தினான். ஹைட்ரில்லாவுக்குள் கடுகு கடுகாய்க் கண்கள். கப்பி குட்டி போட்டிருந்தது! தாயே குட்டியைத் தின்றுவிடுமாம். செடி அடர்ந்திருந்ததால் ஏழு பிழைத்தன.

மீன் பெருகினால் வாய்க்காலில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கப்பி தென் அமெரிக்கப் பக்கத்து மீன். வெளியூர் மீன் பெருகினால் நம் ஊர் மீனுக்கு ஆபத்து. அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் மீன் வாங்கக் கிளம்பினான். என் பிள்ளை அவனை வாசலில் நிறுத்தி, "முதல்ல செடி வைடா. ஒரு மாசம் ஆகட்டும்" என்றான். எட்டு மீன்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் அது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காமலே கற்றுக்கொள்ளட்டும்.