காரில் கண் உண்டு. சாலையில் கோடு இல்லை

புது தில்லி: தானாகவே பிரேக் பிடிக்கும், தடம் மாறினால் எச்சரிக்கும் புதிய எஸ்யுவி கார்கள் தலைநகரில் பெருகி வருகின்றன. ஆனால், நகருக்குள் நுழைந்ததும் இவ்வசதிகளை அணைத்து வைப்பவர்கள் பலர்.

முன்கண்ணாடியில் உள்ள கேமரா, வெள்ளைக் கோட்டைப் பார்த்தே தடத்தை அறிகிறது. கோடு அழிந்த சாலையில் அது தடுமாறுகிறது. முன்னே செல்லும் வாகனத்துக்கு இடைவெளி விட்டால், அதில் ஆட்டோ புகுந்துவிடுகிறது. கார் திடீரென வேகம் குறைகிறது. பின்னால் வருபவர் மோதும் அபாயம் எழுகிறது. குளிர்சாதனத்தைக் குறைக்கக்கூட தொடுதிரையைப் பார்க்க வேண்டியிருப்பதால், ஓட்டுநரின் கவனமும் சிதறுகிறது.

165 கி.மீ. நீள யமுனை விரைவுச் சாலையில் இதே வசதிகள் ஓட்டுநரின் களைப்பைக் குறைக்கின்றன. ஆனால், அங்கும் குளிர்காலப் பனிமூட்டத்தில் கேமராவின் பார்வை மங்கிவிடும்.

2022-ம் ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் பாதசாரிகள். இவர்களைக் கண்டு பிரேக் பிடிக்க வேண்டிய கருவிதான், இவர்கள் நடமாடும் தெருக்களில் அணைந்து கிடக்கிறது.

காரை விலை கொடுத்து வாங்கலாம். சாலையில் கோட்டை அரசுதான் போட வேண்டும்.