குறிஞ்சி மலையில் ஒரு முல்லை

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடுசார்ந்த இடமும் முல்லை. ஆநிரை காத்தல் முல்லைக்குரிய தொழில். எனினும், ஒரு திணையின் கருப்பொருள் பிறிதொன்றிற் சென்று மயங்கலாம் என்பது தொல்காப்பியர் கொள்கை. அம்மயக்கத்தைக் கண்ணாரக் காண விழைவோர் இலங்கையின் மலைநாட்டு அம்பேவலைக்குச் செல்வாராக.

நுவரெலியாவுக்குத் தெற்கே, ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகைவண்டி நானுஓயாவைக் கடந்து அவ்வூரை அடைகின்றது. அடுத்துள்ள பட்டிப்பொலையே இந்நாட்டின் மிக உயர்ந்த புகைவண்டி நிலையம். தேயிலைப் பசுமை அங்கே பின்னடைய, மூடுபனி தவழும் புல்வெளியும் மேயும் கறவை மாடுகளும் காட்சி தருகின்றன. வெப்பம் மிகின் தீனி குறைந்து பால் வற்றும் பிரீசியன், அயர்ஷயர் முதலிய குளிர்நாட்டு இனங்களுக்கு இம்மலைக் குளிர் ஏற்றதாயிற்று.

இம்மலையில் மந்தை வளர்க்கும் எண்ணம் தேயிலைக்கு முந்தியது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேறித் தம் நாட்டுப் பண்ணையொன்றை அமைக்க முயன்றார். மாடு, குதிரை, செம்மறியாடுகளோடு பணியாளரையும் கப்பலில் வருவித்தார். புல் செழித்த நிலம் வளமுடையதென்று அவர் எண்ணினார். உழுது பயிரிட்டபோதோ மண்ணின் வறுமை புலப்பட்டது. எருவின்றி இங்கு எதுவும் விளையாது என்று தெளிந்தார். 1855இல் இலங்கையை விட்டு நீங்கினார். பின்னர், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே தேயிலை மலைகளைப் போர்த்தது.

அம்பேவலையில் அரசுப் பண்ணையாக விளங்கியது 2001இல் தனியார் வசமாயிற்று. ஆயினும் மலைநாட்டின் முல்லை வாழ்வு அவ்வேலிக்குள் அடங்குவதன்று. தோட்டங்கள்தோறும் லயங்களின் பின்னே சிறு மாட்டுப்பட்டிகள் உள. பகலெல்லாம் கொழுந்து பறித்தவர், ஓடைக்கரையிலும் சரிவிலும் புல்லறுத்துச் சுமந்து மாலையில் மாட்டுக்கு இடுகின்றனர். பால் விற்ற பணம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவும். சாணமோ லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு எருவாகும். பேக்கர் பொருளிழந்து கற்ற பாடத்தை இவர்கள் நாள்தோறும் செய்கையிற் காட்டுகின்றனர்.

இவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து காடழித்து மலையைத் திருத்தியவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. காணியுரிமையோ இன்றும் பலர்க்குக் கைகூடவில்லை. லயமும் பட்டியும் நிற்கும் மண் பிறருடையது. பட்டியைச் சற்றே அகலமாக்கவும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும்.

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கொண்டனர் நம் முன்னோர். லயத்து மாந்தரிடம் அச்செல்வம் உண்டு. அதைக் கட்டும் முளையை ஊன்றத் தமக்கென ஒரு சாண் நிலம் இல்லை. முல்லை குறிஞ்சிக்கு வந்தது இயற்கையின் இசைவால். அதை வளர்த்தோர்க்கு அந்நிலத்தில் உரிமை வருதல் அறத்தின் இசைவாலன்றோ!