போர்டில் பாதிக் கணக்கு. ரோட்டில் முழு உயிர்!
ஹெல்மெட் புள்ளிவிவரம் சொல்லாத சேதி

ஓசூர்:
முதல் ஷிப்ட் விடுகிற நேரம். சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்து மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாக வருகின்றன. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பக்கம் போகிறவர்கள் சிலர். சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கம் திரும்புகிறவர்கள் சிலர். தலையில் இருக்கவேண்டிய ஹெல்மெட், பலருக்குப் பெட்ரோல் டேங்க் மீது சவாரி செய்கிறது!

இது வண்டி செய்கிற ஊர். டி.வி.எஸ். மொபெட் 1980-ல் இங்கேதான் பிறந்தது. இந்த ஊரிலா இப்படி?

டீக்கடை கணக்கு

"ஏண்ணே, ஹெல்மெட்டைக் கையிலேயே வச்சிருக்கீங்க?" என்று டீக்கடையில் ஒரு தொழிலாளியைக் கேட்டோம்.

"இருங்க தம்பி. செத்தவங்கள்ல மூணு பேருக்கு ரெண்டு பேரு ஹெல்மெட் போடாதவங்கன்னு சொல்றாங்க. அப்போ மூணாவது ஆளு? அவன் போட்டும்தானே செத்தான்!" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கிற கேள்வி அல்ல இது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஆக, மூன்றில் இரண்டு என்பது உண்மைதான். ஆனால் பாதி உண்மை!

மறைந்து கிடக்கும் எண்

எப்படி? 100 பேர் வண்டி ஓட்டுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 3 பேர் சாகிறார்கள். 2 பேர் வெறுந்தலை, ஒருவர் ஹெல்மெட்.

அந்த 100 பேரில் 80 பேர் ஹெல்மெட் போடுகிறவர்கள் என்றால்? வெறுந்தலையில் 10 பேருக்கு ஒருவர் போனார். ஹெல்மெட்டில் 80 பேருக்கு ஒருவர்தான். எட்டு மடங்கு வித்தியாசம்!

அதே 100 பேரில் 30 பேர்தான் போடுகிறவர்கள் என்றால்? வெறுந்தலையில் 35 பேருக்கு ஒருவர். ஹெல்மெட்டில் 30 பேருக்கு ஒருவர். போட்டவனுக்கே ஆபத்து என்று கணக்கு தலைகீழாகிவிடும்!

'மூன்றில் இரண்டு' மாறவே இல்லை. முடிவு மட்டும் மாறுகிறது. ரோட்டில் எத்தனை பேர் ஹெல்மெட் போடுகிறார்கள் என்று சொல்லாமல், செத்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டினால் வந்த வினை இது. பயமுறுத்த எழுதிய எண், சாக்குச் சொல்ல உதவுகிறது.

அப்படியானால் எது சரி?

விபத்தில் சிக்கியவர்களை எடுத்து, போட்டவர் கதி என்ன, போடாதவர் கதி என்ன என்று ஒப்பிடவேண்டும். பல நாட்டு ஆய்வுகளை இப்படித் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2008-ல் தொகுத்து வெளியிட்டது. ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதம் குறைக்கிறது; தலைக்காயத்தை 69 சதவீதம் குறைக்கிறது என்பது அதன் முடிவு.

அதாவது, வெறுந்தலையில் 100 பேர் சாகக்கூடிய விபத்துகளில், ஹெல்மெட் இருந்தால் சுமார் 42 பேர் வீடு திரும்புவார்கள். மீதி 58 பேரை அதனாலும் காப்பாற்ற முடியாது. வேகம் இருக்கிறது, லாரி இருக்கிறது. 'ஹெல்மெட் போட்டால் உயிருக்குக் கவலை இல்லை' என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

இதைச் சொன்னபோது பெஞ்சில் சிரிப்பு நின்றது. "நூத்துக்கு நாப்பத்திரண்டா? பொழைக்கிற ஆளு அவ்வளவு பேரா? இதைச் சொன்னா புரியுதே தம்பி. செத்தவன் கணக்கையே ஏன் சொல்றாங்க?" என்றார் அந்தத் தொழிலாளி. டேங்க் மீது இருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். வாரை மட்டும் தொங்கவிட்டார். "வாரைப் போடுங்கண்ணே, இல்லேன்னா விழும்போது ஹெல்மெட் தனியா, தலை தனியா போயிடும்" என்றோம். 'டக்' என்று சத்தம் கேட்டது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி குற்றம்.

பிழைப்பவர் கணக்கையும் பலகையில் எழுத அதிகாரிகள் முன்வருவார்களா?