எலும்பும் மூட்டும்: உழைப்போர் அறிய வேண்டுவன

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலுள் நுழைவோர் இருபுறச் சுவர்களையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நாட்டிய நூல் கூறும் 108 கரணங்களும் அங்கே சிலைவடிவில் நிற்கின்றன. ஒரு கால் தலைவரை உயர்கிறது. மற்றொரு முழங்கால் மடிந்து உடலைத் தாங்குகிறது. இடுப்பு ஒருபுறம் வளைகிறது. கல்லில் வடித்த அந்த அசைவுகளெல்லாம் மனித உடலின் மூட்டுகளால் இயல்வனவே.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300. வளர வளரச் சில ஒன்றாய்க் கூடிவிடுகின்றன. இவற்றுள் ஒவ்வொரு கையிலும் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 27, ஒவ்வொரு பாதத்திலும் 26. ஆகக் கைகளும் பாதங்களுமே 106 எலும்புகளைப் பெற்றுள்ளன. அறுந்த இழையைப் பிணைக்கும் விரலுக்கும் சேற்றில் ஊன்றும் பாதத்திற்கும் இயற்கை பாதிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது.

எலும்பு வெறும் சுண்ணக்கட்டியன்று. அதனுள் நார்ப்பொருளும், சுண்ணாம்புச் சத்தாலான உப்பும் கலந்துள்ளன. கோழி எலும்பொன்றைப் புளிக்காடியில் சில நாள் ஊறவைத்தால் உப்புக் கரைந்து எலும்பு வளையும். நெருப்பிலிட்டால் நார் எரிந்து நொறுங்கும். நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். நூலும் கஞ்சியும் சேர்ந்தாலன்றிப் பாவு தறியில் நிற்குமோ?

எலும்புகள் கூடுமிடமே மூட்டு. தோளும் இடுப்பும் கிண்ணத்துள் உருளும் பந்தைப் போன்றவை, எப்புறமும் சுழலும். முழங்கை கதவுக் கீலைப் போல் மடங்கி நீளும். முழங்காலும் பெரும்பாலும் அவ்வாறே. மடங்கிய நிலையில் சிறிது திரும்பவும் செய்யும். எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இடையே முட்டையின் வெண்கருவைப் போன்ற நீர் ஊறுகிறது. எலும்போடு எலும்பை வலிய நார்கள் பிணைக்கின்றன.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தியொன்று உண்டு. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு உணவு மூட்டு நீரிலிருந்தே கிடைக்கிறது. மூட்டு அசைந்து அழுந்தித் தளரும்போதுதான் அந்நீர் உள்ளே சென்று வருகிறது. ஆகவே அளவான அசைவு மூட்டைத் தேய்ப்பதன்று, ஊட்டுவதாகும். ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தலும், தாங்கொணாப் பளுவுமே அதற்குப் பகை.

முதுகெலும்புத் தொடரிலும் முள்ளெலும்புகளிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. சந்தைகளில் வழங்கிய வெள்ளிக்கோலை மூத்தோர் அறிவர். அதில் நீண்ட கையிலுள்ள சிறு எடை, குட்டைக் கையிலுள்ள பெரும் பளுவைத் தாங்கும். குனிந்து தூக்குவோர் முதுகிலும் இக்கணக்கே நிகழ்கிறது. 10 கிலோச் சுமை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்க, முதுகுத் தசை 5 செ.மீ. தொலைவில் நின்று இழுக்குமாயின், அச்சுமைக்கு மட்டுமே அது 100 கிலோவுக்கு நிகராக இழுத்தாக வேண்டும். சுமையை 20 செ.மீ. தொலைவுக்கு அணைத்துக்கொண்டால் 40 கிலோவே போதும். ஆதலின் உரமூட்டையையோ நூற்கட்டையோ தூக்குங்கால், முழங்காலை மடித்து, சுமையை மார்போடு அணைத்து எழுதல் நன்று. தூக்கியபடி இடுப்பைத் திருகுதல் ஆகாது, பாதத்தையே திருப்புக.

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்வோரும், காட்டுமன்னார்கோயில் வயல்களில் நாற்று நடும் பெண்டிரும் செய்வது வெவ்வேறு தொழில். முதுகு படும் பாடு ஒன்றே. அரைமணிக்கொரு முறை குழித்தறியை விட்டு எழுந்து நின்று, தோளைச் சுழற்றி, பத்தடி நடத்தல் நெசவாளர்க்கு நலம். நடவு செய்வோர் வரிசை முடியுந்தோறும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துச் சற்றே பின் சாய்தல் வேண்டும். தார் சுற்றுவோர் காலை மாற்றி மடித்து அமர்க. இதனால் கூலி குறையுமோ என அஞ்சுவோர், முதுகுவலியால் இழக்கும் நாட்களையும் எண்ணிப் பார்ப்பாராக.

உணவில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சேர்தல் வேண்டும். கடலூர்க் கரையில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு உண்பது எலும்புக்கு உரம். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கச் சூரிய ஒளியும் தேவை; நாள் முழுதும் தறிக்கூடத்துள் இருப்போர் இதனை மறத்தலாகாது.

மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, முதுகுவலியோடு கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடங்காது போனாலோ, எண்ணெய் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனையை நாடுக.

தறியின் உறுப்பொன்று தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம். முற்றும் தேய்ந்த முழங்காலுக்கும் இன்று செயற்கை மூட்டு பொருத்துகின்றனர். ஆயினும் பிறவியில் வாய்த்த மூட்டுக்கு அது முழுதும் நிகராகாது. கைத்தொழிலை நம்பி வாழும் நமக்கு உடலே முதல். அம்முதலைக் காத்துச் செலவிடுவோமாக.